நின்றுபோன கணினி விட்டுச்செல்லும் குறிப்பு

அத்தியாயம் 6: பிழை அறிக்கைகளை அலுவலகத்துக்குள் சேர்த்து வைப்பதும், படிப்பதும், அவற்றில் எதை வெளியே விடலாம் என்பதும்

“சார், சிஸ்டம் மறுபடியும் போயிடுச்சு.”

“போறதுக்கு முன்னாடி திரையில என்னம்மா வந்தது?”

“ஏதோ பாக்ஸ் வந்துச்சு சார். க்ளோஸ் குடுத்துட்டு ரீஸ்டார்ட் போட்டேன். இப்ப நல்லாத்தான் ஓடுது. ஆனா நேத்தும் இதே மாதிரிதான் ஆச்சு.”

திருக்கோவிலூரிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள சிறு அலுவலகங்களில் கணினி பார்க்கப் போகும் எனக்கு இந்தப் பேச்சு மனப்பாடம். கூட்டுறவுச் சங்கம், பள்ளி ஆய்வகம், வக்கீல் அலுவலகம், அரிசி ஆலைக் கணக்கறை என்று இடம் மாறும், பேச்சு மாறாது. பெட்டியை மூடிய பெண்மேல் குற்றமில்லை. கவுன்டருக்கு வெளியே நகைக்கடனுக்காகக் காலையிலிருந்து ஆட்கள் நிற்கும்போது, ஆங்கிலத்தில் வந்த ஒரு பெட்டியைப் படித்துக்கொண்டிருக்க யாருக்கும் பொழுதில்லை. அப்படி ஒன்றைப் படிக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை.

அவர் பெட்டியை மூடினாலும் குறிப்பு அழிவதில்லை. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பில் இடறியது, எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் விண்டோஸ் தன் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் நகர்கிறது. அதை யாரும் திறப்பதில்லை. மாதக்கணக்கில் குறிப்புகள் குவிகின்றன. கடைசியில் பொறுமை போய், “விண்டோஸைப் புதுசாப் போட்டுடுங்க சார்” என்கிறார்கள். புதிதாகப் போட்டதும் அத்தனை குறிப்பும் அழிகிறது, கோளாறு மட்டும் பதினைந்தே நாளில் திரும்பி வருகிறது. இந்த அத்தியாயம் ஐந்து முதல் இருபது கணினி வரை வைத்திருக்கும் அலுவலகத்துக்கானது. வேலைக்குத் தேவையான கருவிகள் எல்லாம் ஏற்கெனவே உங்கள் கணினிகளில் இருக்கின்றன. எதையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

கடிகாரத்திலிருந்து தொடங்குங்கள்

கீழூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். கபிலர் பெண்ணையாற்றங்கரையில் தீப்புகுந்த செய்தியைச் சொல்லும், ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. அரசன் பெயர், அவனது ஆட்சியாண்டு, நாடு, ஊர், யார், என்ன செய்தார். எந்த ஆண்டு என்ற குறிப்பு இல்லாவிட்டால் ஆயிரம் ஆண்டு கழித்து வரும் ஆய்வாளருக்கு மற்ற விவரங்களால் பாதிப் பயன்கூடக் கிடையாது.

கணினிப் பதிவும் அப்படித்தான். மூன்று கணினிகளில் மூன்று நேரம் ஓடினால், எது முதலில் நின்றது, எதைத் தொடர்ந்து எது நின்றது என்று சொல்லவே முடியாது. பழைய கணினிகளில் மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துபோய், ஒவ்வொரு நாள் காலையும் கணினி ஏதோ ஒரு பழைய ஆண்டில் கண்விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பேட்டரியை மாற்றுங்கள். பிறகு நேர அமைப்பில் ‘செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி’ என்பதை இயக்கி, நேர மண்டலம் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி என்று காட்டுகிறதா என்று பாருங்கள்.

இதற்குச் சட்டப்பூர்வமான காரணமும் உண்டு. நாட்டின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணையில், நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் தங்கள் கணினிக் கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்கச் சொல்லியிருக்கிறது. பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இணையவழித் தாக்குதல் போன்ற சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினி நின்றது தாக்குதலாலா, வெறும் கோளாறாலா என்று அந்த 6 மணி நேரத்துக்குள் நீங்கள் சொல்ல வேண்டுமானால், பதிவு ஏற்கெனவே ஒழுங்காக இருந்தால்தான் முடியும்.

பதிவேட்டைத் திறப்பது

ஸ்டார்ட் மெனுவில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று தேடித் திறங்கள். முதல்முறை திறப்பவர்கள் மிரண்டுவிடுவார்கள். மஞ்சளும் சிவப்புமாக ஆயிரக்கணக்கில் வரிகள் நிற்கும். நல்ல நிலையில் இருக்கும் கணினியிலும் அப்படித்தான். மிரள வேண்டாம்; நமக்குத் தேவை ஐந்து எண்கள் மட்டும்.

ஒரு மென்பொருள் முறிந்து விழுந்தால் ‘அப்ளிகேஷன்’ பதிவில் 1000 என்ற எண் விழும். முறியாமல் உறைந்துபோய், நீங்களே மூட வேண்டி வந்தால், அதாவது நாம் ‘ஹேங்’ என்று சொல்வது, 1002. அதைப் பற்றி விண்டோஸ் அறிக்கை தயாரித்ததற்கு 1001. நீலத்திரை வந்து கணினியே நின்றிருந்தால் ‘சிஸ்டம்’ பதிவிலும் ஒரு 1001 இருக்கும். அது வேறு, அதில் நிறுத்தக் குறியீடும், கீழே நாம் பார்க்கப்போகும் டம்ப் கோப்பு இருக்கும் இடமும் சேர்ந்து வரும். முறைப்படி மூடாமல் கணினி நின்றிருந்தால் 41, 6008 இரண்டும் விழும். 41 அடுத்த முறை கணினி எழும்போதுதான் எழுதப்படுகிறது. ஆகவே அதன் நேரத்தை நின்ற நேரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நின்ற நேரம் 6008-இன் வாசகத்துக்குள் இருக்கும்.

‘கிரியேட் கஸ்டம் வியூ’ என்பதைத் தேர்ந்து, அப்ளிகேஷன், சிஸ்டம் இரண்டு பதிவுகளையும் குறித்து, இந்த ஐந்து எண்களையும் காற்புள்ளி இட்டு எழுதிச் சேமியுங்கள். அதை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து, பென்டிரைவில் கொண்டுபோய் மற்ற எல்லாக் கணினிகளிலும் இறக்கலாம். ஒரு கணினிக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. அப்படியே அந்த இரண்டு பதிவுகளின் அளவையும் கூட்டிவிடுங்கள். வழக்கமாக 20 எம்பி அளவில் பழையதின்மேல் புதியது எழுதப்படும். 100 எம்பி வைத்தால் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 180 நாள் தாங்கும். தாங்குகிறதா என்று ஒரு மாதம் கழித்துப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

படமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் ‘வியூ ரிலயபிலிட்டி ஹிஸ்டரி’ என்று தேடினால், நாள்வாரியாகச் சிவப்புப் பெருக்கல் குறிகளோடு ஒரு வரைபடம் வரும். செயலாளரிடம் நிலைமையை விளக்க இதைவிட எளிய வழி இல்லை. புதிய மென்பொருள் நிறுவிய நாளும் அதிலேயே தெரிவதால், “அந்த அப்டேட் போட்ட மறுநாளிலிருந்துதான்” என்பதைக் கண்ணாலேயே காட்டிவிடலாம்.

41: நம் ஊரின் எண்

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டிகள் 41 என்ற எண்ணை ஒரு பத்தியில் தாண்டிவிடும். நம் பக்கத்தில் “சிஸ்டம் போயிடுச்சு” என்ற புகார்களில் நான் அதிகமாகப் பார்ப்பது இதைத்தான். மென்பொருள் நிறுவனத்தையும் விண்டோஸையும் திட்டிக்கொண்டிருப்பார்கள். காரணமோ மேசைக்கு அடியில், தூசி படிந்த யுபிஎஸ்ஸில் இருக்கும்.

41-ஐத் திறந்து ‘டீடெயில்ஸ்’ பகுதிக்குப் போங்கள். ‘பக்செக்கோடு’ என்று ஒரு வரி இருக்கும். அதில் பூஜ்யம் அல்லாத எண் இருந்தால் நீலத்திரை வந்து நின்றிருக்கிறது. பூஜ்யமாக இருந்தால், பெரும்பாலும் மின்சாரம் போயிருக்கிறது, அல்லது பதிவு எழுதக்கூட முடியாதபடி கணினி உறைந்திருக்கிறது. அதற்குக் கீழே ‘பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப்’ என்ற வரியில் பூஜ்யம் அல்லாத எண் இருந்தால், யாரோ பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்திருக்கிறார்கள். அப்படியானால் கணினி முதலில் உறைந்திருக்கலாம். அந்த நேரத்தில் இருந்தவரைக் கடிந்துகொள்ளாமல் கேளுங்கள். கடிந்தால் அடுத்த முறை உண்மை வராது.

பூஜ்யம் என்றால் மின்சார நோட்டு தேவைப்படும். ஒரு சாதாரண நோட்டில், மின்தடை வந்த நாளும் நேரமும் குறித்து வையுங்கள். 6008 சொல்லும் நேரமும் நோட்டில் உள்ள நேரமும் பொருந்தினால் யுபிஎஸ் பேட்டரி தாங்கவில்லை என்று பொருள். மேசைக் கணினிக்கு நாம் வாங்கும் சிறு யுபிஎஸ்ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும். நம் ஊர் வெயிலுக்கும் தடைக்கும் அது இரண்டு, மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பேட்டரி தளர்ந்த யுபிஎஸ் விளக்கு எரிய நின்றுகொண்டிருக்கும், மின்சாரம் கண் சிமிட்டும் நேரத்தில் மட்டும் கணினியைக் கைவிடும். மின்தடையே இல்லாத நேரத்தில் பூஜ்யம் வந்தால், கணினியின் உள்ளே இருக்கும் எஸ்எம்பிஎஸ், அதிகச் சூடு, தளர்ந்த ரேம் என்று அந்த வரிசையில் பாருங்கள்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. அடுத்து, டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை எப்படி வந்தது என்பதைக் கரையில் இருக்கும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதுபோன்ற நாட்களில் வரும் 41-களைத் தனியாகக் குறித்து, கணக்கிலிருந்து விலக்கி வையுங்கள். சேர்த்தால் அந்த மாதத்தின் கணக்கு முழுவதும் கோணலாகிவிடும். ஆனால் அழிக்காதீர்கள். வெள்ளத்துக்குப் பிறகு ஈரம் பட்ட கணினிகள் மெல்ல மெல்லச் சாவதும் உண்டு. காப்பீடு கேட்கும்போது முதல் கோளாறு வந்த தேதி உங்களுக்குத் தேவைப்படும்.

டம்ப் கோப்பை வரவைப்பது

பதிவேட்டு வரி, நோயாளி மயங்கி விழுந்தார் என்று சொல்லும். ஏன் என்று தெரிய ரத்தப் பரிசோதனை வேண்டும். அதுதான் டம்ப்: விழுந்த கணத்தில் நினைவகத்தில் இருந்ததன் நகல்.

கணினி முழுவதும் நிற்கும்போது எடுக்கும் டம்ப்புக்கு, ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ திறந்து, ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி’ பகுதியில் அமைப்பு இருக்கிறது. ‘ஸ்மால் மெமரி டம்ப்’ என்பதைத் தேர்ந்தால் ஒவ்வொரு முறையும் 256 கேபி அளவில் ஒரு சிறு கோப்பு, விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘மினிடம்ப்’ என்ற இடத்தில் விழும். சிறு அலுவலகத்துக்கு இது போதும். ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்பதைக் கவுன்டர் கணினியில் அப்படியே விடுங்கள், மக்கள் காத்திருக்கக் கூடாது. அடிக்கடி நீலத்திரை வரும் கணினியில் மட்டும் எடுத்துவிட்டு, திரை நிற்கும்போது கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

இதில் ஒரு கண்ணி உண்டு. எஸ்எஸ்டி சிறியது என்று யாராவது ‘பேஜிங் ஃபைல்’ என்பதை நிறுத்தியிருந்தாலோ வேறு டிரைவுக்கு மாற்றியிருந்தாலோ டம்ப் விழாது. சி டிரைவில் அது இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா அமைப்பும் சரியாக இருந்தும் மினிடம்ப் ஃபோல்டர் காலியாகவே கிடந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

தனி மென்பொருள் முறியும்போது டம்ப் எடுப்பது வழக்கமாக அணைந்தே இருக்கும். ரெஜிஸ்ட்ரியில், எச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் எரர் ரிப்போர்ட்டிங் என்று போய், அங்கே ‘லோக்கல்டம்ப்ஸ்’ என்ற விசையை நீங்களே உருவாக்க வேண்டும். அதற்குள் மூன்று மதிப்புகள். ‘டம்ப்ஃபோல்டர்’ சேமிக்கும் இடம். ‘டம்ப்கவுன்ட்’ எத்தனை கோப்பு வரை, சொல்லாவிட்டால் 10. ‘டம்ப்டைப்’ 1 என்றால் சிறியது, 2 என்றால் முழுமையானது. 1 வையுங்கள். முழுமையானது ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான எம்பி பிடிப்பதோடு, அதற்குள் எதெல்லாம் சிக்கும் என்பதைப் பற்றி அடுத்துச் சொல்லப்போகிறேன். குறிப்பிட்ட ஒரு மென்பொருளுக்கு மட்டும் வேண்டுமானால் லோக்கல்டம்ப்ஸுக்குள் அதன் இயக்கக் கோப்பின் பெயரிலேயே ஒரு விசை உருவாக்கலாம். தனக்கென்று சொந்தப் பிழைப் பெட்டி காட்டும் மென்பொருளுக்கு இந்த வழி வேலை செய்யாது. அதன் பதிவுக் கோப்பு எங்கே என்று விற்றவரிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

எது வெளியே போகலாம்

பிழை அறிக்கை உங்கள் கணினியிலேயே தங்கிவிடுவதில்லை. விண்டோஸ் அதை மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பும்; ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரேஆஃபீஸ் போன்றவை தத்தம் நிறுவனத்துக்கு அனுப்பும் வசதியை வைத்திருக்கின்றன. இதை அடியோடு மூடச் சொல்பவர்கள் உண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை.

2024 ஜூலை 19 நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு சிறு புதுப்பிப்புக் கோப்பு, நம் நேரப்படி காலை 9.39-க்கு வெளியானது. மென்பொருள் 20 உள்ளீடுகளை எதிர்பார்த்த இடத்தில் கோப்பு 21-ஐக் கேட்டது. இல்லாத இடத்தை வாசிக்கப் போய் விண்டோஸ் விழுந்தது. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் உலகம் முழுதும் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத்திரையில் நின்றுவிட்டன. இண்டிகோ சுமார் 200 விமானங்களை ரத்து செய்தது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எந்த டிரைவர், எந்த இடத்தில் இடறியது என்பதைப் பிற்பாடு மைக்ரோசாஃப்ட் விளக்கியபோது, பயனாளர்கள் பகிர்ந்த டம்ப் கோப்புகளையே ஆதாரமாக வைத்தது. பாதிக்கப்பட்ட எல்லோரும் அறிக்கை அனுப்பியவர்கள் அல்லர் என்றும் அதிலேயே சொன்னது. அனுப்பியவர்களால்தான் மற்றவர்களுக்கும் விளக்கம் கிடைத்தது.

மறுபக்கமும் உண்டு. எழுத்தர் ஒருவர் உறுப்பினரின் ஆதார் எண்ணையும் கடன் நிலுவையையும் திரையில் வைத்திருக்கும்போது மென்பொருள் முறிந்தால், அந்த எண்கள் டம்ப்பில் இருக்கலாம். ‘விருப்ப’ அளவிலான அறிக்கையில், நினைவக நிலையோடு நீங்கள் வேலை செய்துகொண்டிருந்த கோப்பின் பகுதிகளும் தற்செயலாக வந்துவிடக்கூடும் என்று மைக்ரோசாஃப்டே தன் ஆவணத்தில் எழுதியிருக்கிறது. வழியில் ஒட்டுக்கேட்பவர்களும் உண்டு: விண்டோஸ் பிழை அறிக்கைகளை இடைமறித்து, குறிவைத்த கணினியின் பலவீனங்களை அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ அறிந்துகொண்டதாக 2013 டிசம்பரில் ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் இதழ் வெளியிட்டது. மைக்ரோசாஃப்டின் கையொப்பச் சாவி ஒன்று திருடு போனது 2023-இல் தெரியவந்தபோது, அது 2021-இல் விழுந்த ஒரு டம்ப் வழியாகக் கசிந்திருக்கலாம் என்று அந்த நிறுவனமே முதலில் விளக்கியது. அப்படி ஒரு டம்ப்பைக் கண்டெடுக்கவில்லை என்று 2024-இல் திருத்திக்கொண்டது. கசிந்ததோ இல்லையோ, டம்ப்பில் சாவி இருக்கக்கூடும் என்று அவ்வளவு பெரிய நிறுவனமே அஞ்ச வேண்டியிருக்கிறது. 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வையில், உறுப்பினரின் விவரத்துக்கு நீங்கள்தான் பொறுப்பாளி.

ஆகவே நான் வைக்கும் ஒழுங்கு இது: குறிப்பு வெளியே போகலாம், நினைவக நகல் உள்ளேயே நிற்கட்டும். அமைப்புகளில் ‘டயக்னாஸ்டிக்ஸ் அண்ட் ஃபீட்பேக்’ பகுதிக்குச் சென்று விருப்பத் தரவை அணையுங்கள். கட்டாயத் தரவு மட்டும் இருக்கட்டும். விண்டோஸ் ப்ரோ இருந்தால் குரூப் பாலிசி எடிட்டரில், கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனென்ட்ஸ், விண்டோஸ் எரர் ரிப்போர்ட்டிங் என்று போங்கள். ‘டூ நாட் சென்ட் அடிஷனல் டேட்டா’ என்பதை இயக்குங்கள். ‘டிஸேபிள் விண்டோஸ் எரர் ரிப்போர்ட்டிங்’, ‘டிஸேபிள் லாகிங்’ இரண்டையும் தொடாதீர்கள்; தொட்டால் உங்களுக்கே குறிப்பு கிடைக்காது. ஹோம் பதிப்பில் இந்த எடிட்டர் கிடையாது. அங்கே முதலில் சொன்ன அமைப்பு போதும்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் அலுவலகம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இணைப்பு இல்லாத நேரத்தில் அறிக்கைகள் ‘புரோகிராம்டேட்டா’ ஃபோல்டருக்குள் ‘ரிப்போர்ட்க்யூ’ என்ற வரிசையில் காத்திருக்கும். இணைப்பு வந்ததும் கிளம்பும். அதனால் அந்த ஃபோல்டரில் கோப்பு நிறைந்திருந்தால் வைரஸ் என்று நினைத்து அழித்துவிட வேண்டாம்.

ஒரே இடத்தில் சேர்ப்பது

பெரிய நிறுவனங்களில் எல்லாக் கணினிகளின் பதிவும் ‘ஈவென்ட் ஃபார்வர்டிங்’ வழியாக ஒரு கணினிக்கு வந்து சேரும். டொமைன் வைத்திருப்பவர்கள் அதைச் செய்யுங்கள். நம்மைப் போல் ஒர்க்குரூப்பில் ஓடும் அலுவலகத்தில் அதற்குச் சான்றிதழ் ஏற்பாடுகள் வேண்டியிருக்கும். எட்டுக் கணினிக்கு அந்தப் பாடு தேவையில்லை. ஒரு கணினியில் ஒரு பகிர்வு ஃபோல்டர், அதற்குள் கணினிக்கு ஒரு துணை ஃபோல்டர். டாஸ்க் ஷெட்யூலர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் அந்த ஐந்து எண்களின் பதிவையும் புதிய டம்ப்களையும் அங்கே நகலெடுக்கட்டும். எழுதும் உரிமை எல்லாக் கணினிக்கும், படிக்கும் உரிமை பொறுப்பாளர் ஒருவருக்கு மட்டும். இதில் சலுகை வேண்டாம். டம்ப்பில் என்ன இருக்கும் என்று மேலே பார்த்தோம்.

உடனே தெரிய வேண்டுமானால், ஈவென்ட் வியூவரில் அந்த வரியைத் தேர்ந்து ‘அட்டாச் டாஸ்க் டு திஸ் ஈவென்ட்’ கொடுக்கலாம். மின்னஞ்சல் அனுப்பும் தேர்வு அதில் பெயருக்குத்தான் இருக்கிறது, கைவிடப்பட்டுவிட்டது. ஒரு சிறு பேட்ச் கோப்பை ஓடவைப்பதே நடக்கும்.

லினக்ஸ் வைத்திருக்கும் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும்: சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியன் வழி வந்தது. டெபியன் குடும்பத்தில் பதிவேடு மறுதொடக்கத்தில் அழிந்துபோகிறதா என்று முதலில் சோதியுங்கள். ‘வார்’ ஃபோல்டரில் ‘லாக்’ என்பதற்குள் ‘ஜர்னல்’ என்ற ஃபோல்டர் இல்லாவிட்டால், சில அமைப்புகளில் அழிந்துவிடும். அதை உருவாக்கினால் தங்கும். டம்ப்களுக்கு ‘சிஸ்டம்டி-கோர்டம்ப்’ பொதியை நிறுவுங்கள். உபுண்டுவில் அந்த வேலையை ‘அப்போர்ட்’ செய்கிறது. ‘வார்’ ஃபோல்டருக்குள் ‘கிராஷ்’ என்ற இடத்தில் பாருங்கள்.

திங்கள்கிழமை அரைமணி நேரம்

சேர்த்ததைப் படிக்காவிட்டால் இவ்வளவும் வீண். திங்கள் காலை கவுன்டர் திறக்கும் முன் அரைமணி நேரம் போதும்.

1000 வரியைத் திறந்தால் விழுந்த மென்பொருளின் பெயரும், ‘ஃபால்டிங் மாட்யூல்’ என்ற பெயரும், ஒரு பிழைக் குறியீடும் இருக்கும். ‘சி’ என்ற எழுத்தும் ஆறு பூஜ்யமும் ஐந்தும் அடிக்கடி வரும். தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தை மென்பொருள் தொடப்போயிருக்கிறது என்று பொருள். டேலி பயன்படுத்துகிறவர்கள் இதைப் பெட்டியிலேயே பார்த்திருப்பார்கள். மாட்யூல் என்ற இடத்தில் ‘என்டிடிஎல்எல்’ என்று வந்தால் உடனே விண்டோஸ்மேல் பழி போடாதீர்கள். அது விண்டோஸின் அடித்தளக் கோப்பு, எந்த மென்பொருள் தடுக்கி விழுந்தாலும் பெரும்பாலும் அந்த வாசலில்தான் விழுகிறது. அதற்கு மாறாக, பாஸ்புக் பிரின்டரின் டிரைவர், கைரேகைக் கருவியின் டிரைவர் என்று தனிப் பெயர் ஒன்று மூன்று முறை வந்தால் அதைப் பிடியுங்கள்.

ஒன்றுபோல் இருப்பவற்றை ஒன்றாக அடுக்கி எண்ணுங்கள். உலகம் முழுவதிலிருந்தும் வந்த அறிக்கைகளை மைக்ரோசாஃப்ட் இப்படி அடுக்கியபோது, சுமார் 20 சதவீதக் கோளாறுகள் 80 சதவீத முறிவுகளுக்குக் காரணம் என்றும், வெறும் 1 சதவீதம் பாதிக்குக் காரணம் என்றும் 2002-இல் அதன் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஸ்டீவ் பால்மர் எழுதினார். சிறு அலுவலகத்திலும் கிட்டத்தட்ட இதையே பார்க்கிறேன். முப்பது புகார் என்று தோன்றுவது, அடுக்கிப் பார்த்தால் இரண்டு யுபிஎஸ், ஒரு பிரின்டர் டிரைவர்.

தமிழில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து வந்ததும் ஐபோன் செயலிகள் முறிந்தன. ஆப்பிள் அதற்கென்றே ஒரு புதுப்பிப்பை வெளியிட்டது. இந்திய எழுத்துகளைத் திரையில் கோக்கும் வேலை அவ்வளவு நுணுக்கமானது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்துவிட்டது; ஆனாலும் பழைய வானவில் எழுத்துருக் கோப்புகள் அலுவலகங்களில் இன்னும் ஓடுகின்றன. தமிழ்ப் பெயருள்ள கோப்பைத் திறந்தபோது மட்டும் மென்பொருள் முறிந்தால், கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றித் திறந்து பாருங்கள். அப்போது திறந்தால், உங்கள் புகாரில் அந்தப் பெயரை எழுத்து மாறாமல் எழுதி அனுப்புங்கள். தமிழ்ப் பெயர் வைத்ததை உங்கள் தவறு என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். திருத்த வேண்டியது மென்பொருளை எழுதியவர்.

விற்றவருக்கு எழுதுவது

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29 அன்று 2,516 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் தந்தது. ஒரே மென்பொருள் அத்தனை இடத்தில் ஓடும்போது, உங்கள் ஊரில் முறிவது வேறு எங்கோ ஒரு மலையடிவாரத்திலும் முறிந்துகொண்டிருக்கும். நீங்கள் எழுதும் ஒரு ஒழுங்கான புகார் அவர்களுக்கும் சேர்த்துத்தான். “சாஃப்ட்வேர் சரியில்லை” என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்:

“கவுன்டர் 2 கணினி, விண்டோஸ் 11. கடந்த வாரம் நான்கு முறை, நான்கும் பாஸ்புக் அச்சிடும்போது, மென்பொருள் தானாக மூடிக்கொண்டது. நிகழ்வு எண் 1000. மென்பொருள் பதிப்பு, ஃபால்டிங் மாட்யூல், பிழைக் குறியீடு மூன்றும் இணைப்பில் உள்ளபடி. முதல் முறை நிகழ்ந்தது புதுப்பிப்பு நிறுவிய மறுநாள். கவுன்டர் 1-இல் பழைய பதிப்பு ஓடுகிறது, அங்கே ஒருமுறையும் நிகழவில்லை. அந்த நேரங்களில் மின்தடை இல்லை. சிறு டம்ப் கோப்புகள் எங்களிடம் உள்ளன. யாருக்கு, எந்தப் பாதுகாப்பான வழியில் அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் தெரிவிக்கவும்.”

கவுன்டர் 1-இல் நிகழவில்லை என்ற வரிதான் இதில் அதிகம் உழைக்கிறது. எங்கே முறியவில்லை என்று சொன்னால், தேடும் பரப்பு பாதியாகக் குறைந்துவிடும். விண்டோஸ் பதிப்பையும் விடாமல் எழுதுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, இன்னும் அதில் இருந்தால் முதல் பதிலாக அதைத்தான் சொல்வார்கள். டம்ப்பை அவர்கள் கேட்கும் வரை அனுப்ப வேண்டாம். கேட்டால் கடவுச்சொல் இட்டுச் சுருக்கி அனுப்பி, கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடவே போடாதீர்கள். கோளாறு தீர்ந்ததாக எழுத்தில் பதில் வந்ததும் உங்கள் பக்கத்து டம்ப்பை அழித்துவிட்டு, உங்கள் புகார் நகலில் தேதியைக் குறியுங்கள். பதிவேடு மட்டும் 180 நாள் இருக்கட்டும்.